நடுப்பலகை

பொய்யே சொல்லாமல் பிழைத்தவர் ஒருவரைக் காட்டச் சொன்னால் மில்லுக்காரரைத்தான் காட்ட வேண்டும். அதற்காக அவரை நல்லவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். இருபத்திரண்டு வருஷத் தொழில். அதில் ஒரு பொய் கிடையாது. சொன்ன உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை என்பதால்தான் அடுப்பு எரிந்தது.

மில் என்றதும் இரும்புக் கேட்டும் வாட்ச்மேனும் வைத்த கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய மில்லுக்கு இரண்டு சக்கரம். பன்னிரண்டடி நீளத்தில் இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பெட்ரோல் இன்ஜின், அது சுற்றிவிடும் நீளமான ரம்பப் பட்டை. அவ்வளவுதான் மில். அதை ஒரு பழைய வேனின் முதுகில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார். வீட்டுக் கொல்லையில் பெரிய மரம் சாய்ந்தால், ரோடு போடுகிறவர்கள் வாசல் மரத்தைத் தள்ளினால், அவருக்கு போன் வரும். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தை எந்த லாரியில் ஏற்றி எங்கே கொண்டுபோவது? விழுந்த இடத்திலேயே படுக்கப்போட்டு, மேலிருந்து கீழாகப் பலகை பலகையாக அறுத்துக் கொடுத்துவிட்டு வருவார்.

கூலியாகப் பணம் வாங்கமாட்டார். பலகையில்தான் பங்கு. அகலப் பலகை மூன்று விழுந்தால் மரத்துக்காரருக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. அதிலும் முதலில் எடுப்பது மரத்துக்காரர். இதைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று வாயைப் பிளந்தார்கள்.

வாயைப் பிளக்கும் முன் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். படுத்திருக்கும் மரத்தில் நடுவில் விழுகிற பலகைதான் எல்லாவற்றிலும் அகலம். மரம் கன்றாக இருந்தபோது முளைத்த குருத்து, அந்த நடுப்புள்ளி, அந்தப் பலகைக்குள்தான் ஓடும். காயக் காய அந்தப் புள்ளியைச் சுற்றி இழுபறி ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் பலகை நட்டநடுவே வாயைத் திறந்துவிடும். அதற்கு மேலும் கீழும் இருக்கிற பலகைகள் இரண்டு விரல்கடை அகலம் குறைவு. ஆனால் அவை வெடிக்காது, வளையாது, வாங்கியவன் பேரன் காலம்வரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

இதை மில்லுக்காரர் மறைத்ததே இல்லை. போனில் சொல்வார், மரத்தைப் பார்க்கும்போது சொல்வார், அறுக்கும்போது சொல்வார், பங்கு பிரிக்கும்போது சொல்வார். "நடுப்பலகை மட்டும் வேணாங்க, அது விரிசல் விடும்." இந்த நாலு தடவை என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. ஒரு தடவை மட்டும் சொல்லியிருந்தால் ஜனங்கள் நம்பியிருப்பார்கள். நாலாவது தடவை வரும்போது இந்த ஆளுக்கு நம்மேல் எதற்கு இத்தனை கரிசனம் என்று எவனுக்கும் தோன்றத்தானே செய்யும். அந்த நேரம் பார்த்து மில்லுக்காரர் நடுப்பலகையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, பெருமூச்சு விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். மரத்தூள் முகத்தில் அப்பியிருக்கும், துடைக்கத்தானே வேண்டும். மரத்துக்காரர் நடுப்பலகையை முதல் ஆளாகத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். மில்லுக்காரர் நல்ல பலகையை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

தச்சர்கள் அவருக்கு 'விரிசல்' என்று பேர் வைத்திருந்தார்கள். "விரிசல் வண்டி வருது, இன்னிக்கு எந்த வீட்டுல எழவோ" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

பலகை வெடித்த பிறகு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. நடுப்பலகையைச் சோபாவுக்கு முன்னால் மேசையாகப் போட்டிருந்த பேங்க் மேனேஜர் ஒருவர், அது வெடித்த மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாலு தடவை சொன்னேனே சார்," என்றார் மில்லுக்காரர்.

மேனேஜர் காரைத் திருப்பினார். திரும்பிப் போனவர் சும்மா இருக்கவில்லை. ஆள் தங்கம், கரடியாய்க் கத்தினார், நான்தான் கேட்கவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதில் மட்டும் ஐந்து மரம் கிடைத்தது. இப்படியே போயிற்று அவர் வாழ்க்கை. ராத்திரி படுத்தால் உடனே தூக்கம் வரும். மனசாட்சி சுத்தமாக இருந்தால் வராமல் என்ன செய்யும்.

குறை என்று ஒன்று உண்டென்றால் அது வீட்டுக்குள் இருந்தது. அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின், சுவரில் அளவு எழுதிய காகிதங்கள், ஜன்னல் கம்பியில் பித்தான் டப்பாக்கள். துணி வெட்டுவது மட்டும் தரையில். அந்த அகலத்துக்கு மேசை இல்லை. இரண்டு சின்ன மேசையைச் சேர்த்துப்போட்டு ஒரு வருஷம் பார்த்தாள். சேரும் இடத்தில் சாக்பீஸ் கோடு துள்ளும், கத்தரியின் நுனி இறங்கி மாட்டும். ஒரு மாப்பிள்ளையின் கோட்டுத் துணியில் முதுகுப் பக்கம் வெட்டுப்பட்டு வீணாய்ப் போனபிறகு மறுபடி தரைக்கே வந்துவிட்டாள். இருபது வருஷம் முட்டி போட்டு வெட்டியதில் இரண்டு முட்டியும் போயின. எழுந்திருக்கும்போது மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். இனிமேல் தரையில் உட்கார்ந்தால் கத்திதான், ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒட்டுப் போடாத ஒரே பலகை. அதுதான் அவளுக்கு வேண்டும். மில்லுக்காரர் பெண்டாட்டிக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அவள் கேட்டதில்லையா, அவர் கொடுக்கிறேன் என்று சொன்னதில்லையா? ஒவ்வொரு தடவையும் பலகை வீட்டுக்கு வரும், பின்பக்கம் நிழலில் அடுக்கிக் காயவைப்பார். காய்ந்து மேசைக்குத் தயாராகும் நேரத்தில் யாராவது வந்து நிற்பார்கள். ஒன்று வக்கீல் ஆபீசுக்குப் போயிற்று. ஒன்று ஓட்டல் கல்லாவுக்குப் போயிற்று. அடுத்தது உனக்குத்தான் என்பார். அவளும் சரி என்பாள். டாக்டர் சொன்னதற்குப் பிறகு அவர் உறுதியாகவே சொன்னார்: "அடுத்த மரத்துல வர்ற பலகை உனக்கு. யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்."

அந்த அடுத்த மரம் மருந்துக்கடை அம்மாவுடைய வாகை.

கடைக்குப் பின்னால் இருந்த மரம். மழையில் வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவரில் தலைவைத்துப் படுத்திருந்தது. மூன்றடிக்கு மேல் குறுக்களவு. ஒரு பக்கம் சொத்தை, எதிர்ப்பக்கம் பெரிய கிளை ஒடிந்து அழுகல் இறங்கியிருந்தது. பார்த்த உடனே மில்லுக்காரர் கணக்குப் போட்டுவிட்டார். அகலமாக மூன்று தேறும், மிச்சமெல்லாம் ஜன்னல் சட்டத்துக்கும் விறகுக்கும்தான். மூன்று போதுமே. ஒன்று அவளுடையது.

காலையில் தண்டவாளத்தை மட்டம் பார்த்துப் போட்டு, கடப்பாரையால் மரத்தை நெம்பி ஏற்றி, ஆப்பு அடித்து நிறுத்தினார். ரம்பப் பட்டையில் சூடு ஏறாமல் தண்ணீர் சொட்டுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சுமைதூக்க வந்த நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் தும்மிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடை அம்மா உள்ளேயிருந்து ஐந்து முகமூடி கொண்டுவந்து கொடுத்தார். நடுத்தர வயசு, கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தார்.

மில்லுக்காரர் போனில் ஒரு தடவை சொல்லியிருந்தார். காலையில் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை சொன்னார். நடுப்பலகை அறுபட்டு, மேல்பலகை நகர்ந்து, கறுப்பும் பழுப்புமாக வரி ஓடிய அந்த முகம் வெளியே வந்ததும் மூன்றாம் தடவை சொன்னார். முப்பத்தெட்டு அங்குல அகலம். சுமைதூக்கிகளே தும்மலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து மூன்று பலகையும் சுவரில் சாய்ந்து நின்றபோது நாலாம் தடவை சொன்னார், தடவினார், பெருமூச்சு விட்டார், முகத்தைத் துடைத்தார்.

"அப்போ நடுவுல உள்ளதை நீங்களே எடுத்துக்கங்கண்ணா," என்றார் மருந்துக்கடை அம்மா. "எனக்கு மத்த ரெண்டும் போதும்."

மில்லுக்காரருக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. விளங்கியதும் நடுப்பலகையை மறுபடி ஒரு தடவு தடவிக் காட்டினார்.

"இல்லம்மா, அகலம் ஜாஸ்தி பாருங்க. உங்க கடைக்கு எடுப்பா இருக்கும்."

"நீங்கதானே வெடிக்கும்னு சொன்னீங்க?"

"வெடிக்கும். ஆனா எல்லாமே வெடிக்கும்னு இல்ல." வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அது. பழக்கம் இல்லாததால் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. "சிலது வெடிக்காமலும் இருக்கும். இந்த மரம் வேற நல்ல மரம்."

மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணா, நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்றேன். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம், இதைப் பாதியில நிறுத்தாதீங்கன்னு. ஒருத்தராவது கேக்கறாங்களா? எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். அதனால, விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா நான் அப்படியே கேட்டுருவேன். நீங்க நாலு தடவை சொன்னீங்க. இப்போ ஏன் மாத்திப் பேசறீங்க? என் மரத்துல உங்களுக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லைன்னு பெரிய மனசோட பேசறீங்க. வேணாம், எனக்கு நல்லது ரெண்டு இருக்கு, போதும்."

என் வீட்டுக்காரிக்கு முட்டி போய்விட்டது, ஒரு நல்ல பலகையைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மா கொடுத்தும் இருப்பார். ஆனால் அப்படியானால் இத்தனை நாள் உங்களுக்கு மிஞ்சிய பலகை எந்தப் பலகை என்று ஒரு கேள்வி வரும். கண்ணாடி போட்டவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். மில்லுக்காரர் அதைக் கேட்காமல், நாலு பேரையும் நடுப்பலகையை வேனில் ஏற்றச் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மா தும்மலுக்கு ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் என்றார்.

வழியெல்லாம் அவருக்கு ஆத்திரம். யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தியாவது நம்பித் தொலைப்பாள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அவள் இந்த மரத்துக்குத்தானா வரவேண்டும்? வெடித்த பலகையைத் தையல்காரி என்ன செய்வாள்? நடுவே அறுத்து, குருத்தை எடுத்து வீசிவிட்டு, இரண்டு பாதியையும் ஒட்டலாம். ஒட்டினால் அது ஒட்டுப் பலகை. அந்தக் கோட்டுத் துணியின் கதைதான் மறுபடியும். அடுத்த மரம் எப்போது சாயும் என்று யாருக்குத் தெரியும்? முட்டி அதுவரை காத்திருக்காது. அவருக்கு அழுகை வந்தது. வேனை ஓரமாக நிறுத்தி அதையும் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

வேன் சத்தம் கேட்டதும் மனைவி வாசலுக்கு வந்தாள். கழுத்தில் அளவு டேப். பலகையைப் பார்த்தாள். மெல்லப் படியிறங்கி வந்து, டேப்பை உருவி, அகலத்தில் வைத்துப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு," என்றாள். "அகலம் ஜாஸ்தியான பெரிய பன்னாத் துணியை மடிச்சுப் போட்டா அப்படியே நிக்கும். நின்னுக்கிட்டே வெட்டலாம்."

அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இங்க பாரு," என்றார். "இது நடுப்பலகை. ஆசை வச்சுக்காத. ஆறு மாசத்துல சரியா நடுவுல வெடிச்சுரும்."

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "என்கிட்டயுமா?"

"என்ன என்கிட்டயுமா?"

"நீங்க போன்ல பேசறது சமையல்கட்டு வரைக்கும் கேக்குதுங்க. எத்தனை வருஷமா கேக்கறேன். அகலப் பலகை நமக்கு வந்துராதான்னு நீங்களும் வெடிக்கும் வெடிக்கும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பாக்கறீங்க. ஒருத்தராவது ஏமாறணுமே. ஒவ்வொரு தடவையும் சின்னப் பலகையோட வந்து இறங்குவீங்க, எனக்கே பாவமா இருக்கும். கேட்டா மனுஷன் மனசு நோகுமேன்னுதான் நான் வாயைத் திறக்கல."

மில்லுக்காரர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார். "நான் யாரையும் ஏமாத்தலடி. நான் சொன்னது நெஜம்."

"சரி, நெஜம்." அவள் பலகையின் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு மாட்டினது யாரு, அந்த மருந்துக்கடை அம்மாவா? நல்ல மாதிரியாச்சே, பாவம். விடுங்க. எனக்காகத்தானே செஞ்சீங்க. உங்களுக்கு என்மேல இவ்வளவு இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

"வெடிக்கும்னா வெடிக்கும். உன் தலையில அடிச்சு வேணும்னாலும்..." என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

அவள் பதறிப்போய் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. பொய்ச் சத்தியம் குடும்பத்துக்கு ஆகாது."