ரூபி டீச்சர் அந்த ஃபாரத்தை மறக்கவில்லை

ரூபி டீச்சர் தவறிவிட்டார்கள். காலையில் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். நானும் மனைவியும் பெரியவர்கள் முன்னால் அத்துவிட்டுப் பிரிந்து ஆறு மாதம். அவள் பிள்ளையோடு நரிக்குடியில். நான் பந்தல்குடியில் லாரி டயர் கடையில்.

பிள்ளைக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. ஒன்றாம் வகுப்பு எடுத்த ரூபி டீச்சர்தான் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்து, மதுரையில் காது கேளாதோர் பள்ளியில் சீட்டும் கேட்டு வைத்தார்கள். ஃபாரத்தில் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும்.

டீச்சர் ஃபாரத்தோடு இரண்டு பஸ் மாறி என் கடைக்கே வந்தார்கள்.

"அவ போட்டுட்டாளா?" என்றேன்.

"போட்டுட்டாகண்ணே."

"அவ போட்ட பேப்பர்ல அடுத்து நான் போடணுமாக்கும்? ஊர்ல என்ன சொல்லுவாக?"

மறுவாரம் புது ஃபாரம். "இதுல யாருமே போடல. நீங்க முதல்ல போடுங்க."

அப்போதும் பிகு. அத்துவிட்ட பிறகு எதுவானாலும் பெரியவர்கள் மூலம்தான் பேச வேண்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவே இல்லை.

"அண்ணே, இது உங்க வழக்கு இல்ல. பிள்ளையோட படிப்பு," என்றார்கள். நான் ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சீட் போய்விட்டது. ஒரு வருஷம்...

அடுத்த வருஷம் எங்கள் இருவரையும் வகுப்புக்கு வரவழைத்து, ஒரே பெஞ்சில் பிள்ளையை நடுவில் வைத்து உட்கார வைத்தார்கள். பின்னால் போய்ப் பள்ளிக்கூட மணியை ஓங்கி அடித்தார்கள்.

நாங்கள் இருவரும் பதறித் திரும்பினோம். பிள்ளை சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குத்தான் போட்டேன்.

டீச்சர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது மகளிடமிருந்து இன்னொரு மெசேஜ். "நான் ஒரு வருஷம் லேட்டா சேர்ந்தது அவங்க ஃபாரத்தை அனுப்ப மறந்ததாலதானாம்ப்பா. என் கல்யாணத்துக்கு வந்தப்ப எழுதிக் காட்டி மன்னிப்பு கேட்டாங்க. பாவம்ப்பா."

படித்துவிட்டு வெட்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கே தெரியாமல்.

பாப்பா, நீயும் இதைப் படிப்பாய். டீச்சர் எதையும் மறக்கவில்லை. உன் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அப்பாதான் கையெழுத்துப் போடவில்லை.

டீச்சர், சாயங்காலம் அடக்கத்துக்கு வாரேன். உங்க முகத்த எப்படிப் பாக்கப்போறேன்னு தெரியல.