ஒரு நாளைக்கு ஒரு சுற்று

பினாயில் வாசனை எங்கே அடித்தாலும் நின்றுவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவோ ரயிலடியோ, எதுவானாலும் சரி. ஒரு மூச்சு. உடனே சேந்தமங்கலத்துக்குத் தெற்கே அந்த வெயில் வந்து முகத்தில் அறைகிறது; மழைக்கு வாய் பிளந்து கிடக்கும் செம்மண், நடுவே பாசி படர்ந்த படிக்கிணறு.

அப்போது நான் பினாயில் டப்பாவும் கையுமாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பயிற்சியில் இருந்தேன். என்னோடு மூன்று வாரம் கிராம வேலை பழகட்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். அவரும் என்னைப்போல் படிப்பவர்தான். ஊர் அவரை முதல் நாளே டாக்டராக்கிவிட்டது. அவர் பார்க்க வந்தது நரம்புச் சிலந்தியை. படிக்கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு வெள்ளை நூலாக வெளிவரும் புழு அது.

"எங்கட ஊரில இது இல்லை. முழுசா ஒண்டு கொண்டு போகாட்டி, நான் சும்மா கடல் பாத்திட்டு வந்தனெண்டு வாத்தியார் சொல்லுவார்" என்று சிரிப்பார். பையில் ஸ்பிரிட் ஊற்றிய சீசா தயாராக இருந்தது.

கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணுக்காலில் புழு தலைகாட்டியது. அதை ஈர்க்குச்சியில் மாட்டி, தினம் காலையில் ஒரே ஒரு சுற்று சுற்றவேண்டும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் சீழ்பிடித்து மாதக்கணக்கில் படுக்கை. அவளுக்கோ மழை விழுந்ததும் கடலை விதைப்புக்குப் போயாக வேண்டும். போனால்தான் அடுப்பு எரியும்.

சுற்று மெல்ல ஏறியது. நாள் அதைவிட வேகமாகப் போயிற்று. அவர் புறப்படுவதற்கு முந்தின நாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பாவம், வெறும் சீசாவோட போறாருங்க" என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை விடைபெறப் போனோம். கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. குச்சியில் புதிதாக நாலு சுற்று.

"ஆருங்க இழுத்தது?" என்றேன்.

"நாந்தானுங்க. கடல் தாண்டி வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்பறதுங்களா? இன்னம் கொஞ்சந்தான் இருக்கும். இழுத்துக்கங்க சாமி, வலிக்கலீங்க."

"வலிக்காட்டி ஏன் கண்ணில தண்ணி?" என்றார் அவர்.

"அது வெயிலுக்குங்க."

அவர் மண்டியிட்டுக் குச்சியைத் தொட்டார். புழு அறுந்திருக்கவில்லை, வீணைத் தந்தியாக விறைத்து நின்றது. விரல்கள் அப்படியே இருந்தன. பிறகு இறுகிய சுற்றைத் தளர்த்தினார், ஈரத்துணியைப் போர்த்தினார், குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்றார். சீசாவைப் பையின் அடியில் தள்ளினார்.

அவள் விடவில்லை. "மிச்சத்த நாஞ் சுத்தி எடுத்து வெக்கட்டுங்களா? அடுத்த வாட்டி வாரப்ப எடுத்துக்குவீங்க."

"புழு வேண்டாம் அக்கா. விதைப்புக்கு நடந்து போனீங்களெண்டால், இவரிட்டச் சொல்லி எனக்கு ஒரு கடிதம் போடுங்கோ. அதை வாத்தியாரிட்டக் காட்டுறன்."