மடங்கிய குடை

அம்மாவின் கறுப்புக் குடையில் ஒரு கம்பி எப்போதும் வளைந்தே இருக்கும். அது அவள் தலைக்கு மேலே விரிந்திருந்ததைவிட, தேயிலைத் தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப்புக்கு முன்னால் மடங்கியிருந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழையோ வெயிலோ, ஜீப் சத்தம் கேட்டால் தோட்டத்து ஆட்கள் ரோட்டை விட்டிறங்கி, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். யாரும் அதட்டிச் சொன்னதாக நான் பார்த்ததில்லை. கை தானாகவே மடக்கும். சின்ன வயதிலேயே அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் படித்துப் பண்டாரவளையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், அம்மா லுணுகலைக்கு மேலே தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்துவிட்டாள். அவளுக்கு மூச்சிரைப்பு. மாதா மாதம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ்ஸில் நின்றபடி போய்விட்டு வந்தால் மறுநாள் எழுந்திருக்கமாட்டாள். அதற்காகத்தான் அலுவலகத் திட்டத்தில் சேர்ந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் எடுத்தேன். லீசிங் கடன் என் அலுவலகத்தின் பெயரில். தவணையைச் சம்பளம் என் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்வார்கள். ஆசை ஆசையாகக் காட்டக் கொண்டுபோனால், அம்மா கதவைக்கூடத் தொடவில்லை.

“கம்பெனி காருன்னு சொல்ற. வேல போனா இதையும் புடுங்கிக்குவாங்கல்ல? லயத்துக் காம்பராவும் இப்புடித்தானே குடுத்தாங்க. தோட்டத்துல வேலைக்கிப் பேரு பதிஞ்சிருக்கிற வரைக்கும்தான் நம்மளுது. நாளைக்கிப் பறிகுடுத்துட்டு நிக்கிறதுக்கு நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை என்பதால் ராத்திரியெல்லாம் உறுத்தியது.

அடுத்த கிளினிக் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் காரோடு போனேன். நல்ல மழை, ஒரே பனிமூட்டம். தேயிலை மலை வளைவில் முன்னால் ஓர் உருவம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தது. கார் சத்தம் கேட்டதும் அது திரும்பிப் பார்க்காமலே மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் இறங்கி, குடையை மடக்கி, தலை குனிந்து நின்றது. கம்பி வளைந்த குடை. என் அம்மா!

கண்ணாடியை இறக்கி, “யம்மா, நான்தாம்மா!” என்று கத்தினேன். என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கக்கத்திலிருந்த குடையைப் பார்த்தாள். “அடி பாவி மகளே, ஒனக்கா நான் கொடைய மடக்குனேன்!” என்று சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, காரின் மேலேயே சாய்ந்துகொண்டாள். நான் எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டேன். நனைந்த சேலையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “புடுங்குறப்ப புடுங்கட்டும். நீ ஓட்டு,” என்றாள்.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, மறு வருஷமே பண்டாரவளைக் கிளையை மூடினார்கள். பதுளையில் வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அது கவலையில்லை. கார்தான் கவலை. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சாவியைக் கையில் பிடித்தபடி கணக்காளர் ஐயாவின் முன்னால் போய் நின்றேன். யாழ்ப்பாணத்துக்காரர்; அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“சாவியை ஏன் பிள்ளை நீட்டுறீர்? லீசிங்கை உம்மட பேருக்கு மாத்தலாம். புது வேலைக் கடிதத்தைக் கொண்டு வாரும். மிச்சத்தை நீரே கட்டும்,” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

அப்பாடா! படியிறங்கி வந்து, காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது தவணையெல்லாம் முடிந்து கார் என் பெயரில் இருக்கிறது. முன்சீட்டை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. போன மாதம் கிளினிக்குக்குப் போகையில், மழைக்குள்ளே ஒரு வயதான அம்மாள் ரோட்டை விட்டிறங்கிக் குடையை மடக்கப் போனாள். நான் பிரேக்கை மிதிக்குமுன்பே அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

“யக்கா, மடக்காதீங்க! இது நம்ம புள்ள காருதான். வாங்க, ஏறுங்க.”

அந்தக் குடை விரிந்தபடியே காரை நோக்கி வந்தது.