உள்ளே விட்ட துணி

ரொட்டிக்கடைக்காரி தன் புதுச் சட்டையைத் திரும்பக் கொண்டு வந்து மேசையில் வைத்தபோது, டெய்லர் அக்கா வீட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொத்தான் பூட்ட முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம். அக்கா சட்டையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "இந்தத் துணியே இப்படித்தாண்டி, தண்ணி பட்டா சுருங்கிடும். நாளைக்கு வா" என்றாள். மறுநாள், உள்மடிப்பில் விட்டிருந்த துணியைப் பிரித்துத் தைத்ததில், சட்டை கச்சிதமாக இருந்தது. துணி சுருங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

அக்காவுக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், எதிரே ஒரு நீள பெஞ்சு. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பாதி, நாத்தனாரைத் திட்டித் தீர்க்க வருகிறவர்கள் பாதி. அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு "ம்" மட்டும் கொட்டுவாள். அதுவே அவர்களுக்குப் போதும்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு மாரடைப்பு வந்தது. கடவுள் கைவிடவில்லை, பிழைத்து வீடு வந்தாள். வெளியூரிலிருந்து ஓடி வந்த மகள் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, மெஷினைப் போர்வையால் மூடி, பெஞ்சை மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள். "அம்மாவுக்கு ஓய்வு வேணும், யாரும் வராதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். பெற்ற தாயாயிற்றே, பயம் இருக்காதா? ஆனால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பிரஷரும் இறங்க மாட்டேன் என்று நின்றது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன் சித்தி. குறையலைன்னா என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மகள், பார்க்க வந்த ரொட்டிக்கடைக்காரியிடம் வாசலிலேயே சொல்லியனுப்பினாள்.

ரொட்டிக்கடைக்காரி யோசித்துக்கொண்டே வீடு திரும்பினாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே போனால் அக்கா நாள் பூராவும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று சாமியை வேண்டிக்கொண்டு, தன் நல்ல சட்டையின் கை மடிப்பைப் பிளேடால் பிரித்தாள். சொல்லப்போகும் பொய்க்கு மன்னிப்பும் அப்போதே கேட்டுக்கொண்டாள்.

"கை ஓரம் விட்டுப்போச்சும்மா. அக்கா உட்கார்ந்தபடியே நாலு தையல் போட்டா போதும்."

"பத்து நிமிஷம்தான் சித்தி."

மறுநாள் வேன் டிரைவர் மனைவி கால்சட்டையோடு வந்தாள். அடுத்து மருந்துக்கடைக்காரர் மனைவி தலையணை உறையோடு வந்தாள். தெருவிலிருந்த துணியெல்லாம் விட்டுப்போக ஆரம்பித்தது.

"அதெப்படிம்மா ஒரே வாரத்துல எல்லார் துணியும் பிரியுது?" என்றாள் மகள்.

அக்கா ஊசியில் நூல் கோத்தபடி, "தானாப் பிரிஞ்சா நூல் நைஞ்சு தொங்கும். இது பிளேடு போட்ட வேலை. நான் போட்ட தையல் லேசுல விடுமா?" என்றாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரியைப் பார்த்து, "ஏண்டி, சும்மா வந்தா சேர்க்க மாட்டேன்னா சொன்னேன்? நல்ல துணியைப் போய் கிழிப்பியா?" என்று சிரித்தாள்.

மகளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு காலியாக இருந்தது. அம்மா சிரித்து எத்தனை நாளாகிவிட்டது. அவள் எழுந்து போய், மாடிப்படிக்கு அடியிலிருந்து பெஞ்சை இழுத்து வந்து போட்டாள்.

"மெஷின் மட்டும் மிதிக்கக் கூடாது."

"சரிம்மா. அதுவும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

மாசக் கடைசியில் பிரஷர் இறங்கியிருந்தது. என்ன மாற்றினீர்கள் என்று டாக்டர் மகளிடம் கேட்டார்.

"மருந்து அதேதான் டாக்டர். ஒரு பெஞ்சை எடுத்துப் போட்டோம்."

விவரம் கேட்டுக்கொண்ட டாக்டர், "அதையும் மருந்தோட சேர்த்துக்குங்க. ரெண்டையும் நிறுத்தாதீங்க" என்றார்.

மகள் நிம்மதியாக ஊர் திரும்பினாள். அக்கா அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தாள். மாத்திரை போட்டாளா என்று பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள். சாயங்காலம் யாராவது ஒருத்தி கூடவே நடப்பாள். மெஷினுக்கு மகள் மோட்டார் மாட்டிக் கொடுத்தாள்.

அக்கா யாருக்கும் சிரமம் வைக்காமல் தூக்கத்திலேயே கண்ணை மூடினாள். கடவுள் கொடுத்த வரம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சாயங்காலம், தைத்து முடித்த சட்டையை வாங்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்காரி படியிறங்கியபோது, அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தத் துணி சுருங்காதுடி. இருந்தாலும் உள்ளே ரெண்டு விரல் அகலம் துணி விட்டு வெச்சிருக்கேன். நல்லா சாப்பிடு."