மிருகங்கள் இன்னும் வரவில்லை

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரம் மேற்கு ராஜ வீதியில் ஒரு பட்டுக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு நான் ஆட்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நைரோபியில் நம் ஊர்ப் புடவை வாங்கும் குடும்பங்கள் இருந்தன. வியாபாரத்துக்குப் போகிறவர்கள், அப்படியே காட்டுக்குள் போய்ச் சிங்கத்தையும் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டார்கள். மழையை ஒட்டி மிருகக் கூட்டங்கள் எந்தக் காட்டுக்கு எப்போது வரும், அங்கே எத்தனை நாள், எங்கே தங்குவது, வெங்காயம் சேர்க்காத சாப்பாட்டுக்கு என்ன வழி என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. சென்னை மிருகக்காட்சி சாலையில் தூங்கிய கிழட்டுச் சிங்கத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

அந்த வருடம் சின்ன காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஒருவர், மனைவி, தம்பி, தம்பி மனைவி என்று நான்கு பேர் கிளம்பினார்கள். பெண்களுக்கு ஆங்கிலம் வராது. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகளைத் துணைக்குக் கேட்டார்கள். செலவு அவர்களுடையது, போன இடத்தில் சமையலுக்கும் அவள் ஒத்தாசை செய்ய வேண்டும். அன்றிலிருந்து அவள் கையை விட்டு அட்லஸ் இறங்கவில்லை.

அந்த நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அட்டை வாங்க வேண்டும். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அது செல்லும். படிவத்தில் ‘முட்டை ஒத்துக்கொள்ளுமா’ என்று ஒரு கேள்வி இருந்தது. கடைக்காரர் ஏன் என்றார். அந்த மருந்தை முட்டைக்குள் வளர்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் படிவத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். மூன்று தலைமுறையாக முட்டை நுழையாத வீடு.

ஆனாலும் ஒரு புதன்கிழமை ஐந்து பேரும் காரில் சென்னை போய் வந்தார்கள். வலித்ததா என்று கடைக்காரரைக் கேட்டேன். “எறும்பு கடிச்ச மாதிரி சார்” என்றார். தம்பியைக் கேட்டேன். எறும்பு கடித்த மாதிரி. வீட்டில் மகளைக் கேட்டேன். அவளுக்கும் அதே எறும்பு. அம்மை குத்தினால் தழும்பு இருக்கும். இந்த ஊசிக்கு அதுவும் கிடையாது. ஊசிக்குப் பின் வரும் சூடாவது இருக்கிறதா என்று அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அட்டைகளை உடனே கொடுக்காமல் கடைக்காரர் தன்னிடமே வைத்திருந்தது வேறு உறுத்தியது.

விமானத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அட்டைகள் வந்தன. ஐந்திலும் ஒரே தேதி. அது புதன்கிழமையே இல்லை. காலண்டரைத் திருப்பினேன். கருட சேவை நாள். அன்று கடைக்காரர் வீட்டு வாசலில் நானே வாங்கி மோர் குடித்திருந்தேன்.

“கருட சேவை அன்னிக்குப் போட்ட ஊசின்னு எழுதியிருக்குது. அன்னிக்கு நீ அவங்க வாசல்ல மோர் ஊத்திக்கினு இருந்தியே” என்று மகளிடம் கேட்டேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “தரகரு ஏதோ ஒரு தேதிய எழுதிட்டாரு போல.”

“தரகரா?”

“நாங்க கார்லயே உக்காந்துக்கினு இருந்தோம்பா. அவருதான் அட்டையக் கொண்டாந்து குடுத்தாரு.”

“நீயாவது போய்ப் போட்டுக்கினு வந்திருக்கக் கூடாதா?”

“முட்ட ஏறுன ஒடம்பு எங்க பாத்திரத்தத் தொடக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் என்னை எதுக்குக் கூட்டிக்கினு போவாங்க?”

“காய்ச்சல் வந்து செத்தா?”

“நீ அனுப்புனவங்க யாருபா செத்தாங்க? ஒரு சிங்கம் கூடக் கடிச்சதில்லன்னு நீதான பீத்திக்குவ.”

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட வைத்தேன். இனிப் பத்து நாள் வேண்டும். விமானத்துக்கோ ஐந்து நாள்தான் இருந்தது. நேராகக் கடைக்காரரிடம் போனேன்.

“மிருகமெல்லாம் இன்னும் வரலையாம். இப்பப் போனா வெறும் புல்லத்தான் பாக்கணும்” என்றேன்.

“மிருகம் இன்னா எக்ஸ்பிரஸ் பஸ்ஸா சார், லேட்டா வர்றதுக்கு?” என்றார் தம்பி.

கடைக்காரர் அவரை அடக்கினார். “சும்மா இருடா. மழை பிந்துனா அதுங்களும் பிந்தும். தள்ளிப் போடுங்க சார்.”

நான் அவரைச் சந்தேகித்ததில் கால் பங்கு கூட அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். என் மகளின் பயணம் அதோடு நின்றுவிடும். அவளுடைய பொய் அட்டையை எடுத்துவிட்டு உண்மையானதை உறையில் வைத்தேன். மற்ற நான்கையும் தொடவில்லை.

அவர்கள் போய்ப் பத்து நாளில் தந்தி வந்தது. ஒருவருக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், விவரம் கடிதத்தில். யார் என்று இல்லை. ட்ரங்க் கால் கிடைக்கவில்லை. ஊசி போட்டது என் கண் முன்னால்தான். ஆனாலும் அந்த மருந்தையே சந்தேகித்தேன். கோவிலுக்குப் போனேன். அவளாக இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். அப்படியானால் மற்ற நால்வரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

தம்பி மனைவியின் அப்பா ஐயம்பேட்டையில் தறி வைத்திருந்தார். சேதி கேட்டதிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து என் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஐந்தாம் நாள் கடிதம் வந்தபோதும் இருந்தார். என் மகளின் கையெழுத்து. உறையைப் பார்த்ததுமே “அப்பாடா” என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு.

அவர் எழுந்து வந்தார். “நல்ல சேதியா சார்?”

அப்போதுதான் பிரித்துப் படித்தேன். படுத்திருப்பது தம்பி மனைவி. மஞ்சள் காய்ச்சல் இல்லை, மலேரியா என்று டாக்டர் சொல்கிறார், நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறாள் என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தாள். அன்று கடிதத்தை மடித்தபடி அவர் பக்கம் திரும்பினேன்.

“உங்க பொண்ணுக்குத்தான். இப்பத் தேவலயாம்” என்றேன்.

“இத்தப் படிச்சுட்டா சார் அப்பாடான்னீங்க?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.