அம்மணி படித்த முற்றுகைக் கதை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி நூறு வருஷம் கடந்துவிட்ட காலத்தில், ஏரியோரக் குப்பம் ஒன்றில் அம்மணி என்று ஒருத்தி இருந்தாள். மற்றப் பெண்களைப் போல அவளும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள்; பிடித்ததைக் கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போடுவாள். ஆனால் அந்தக் குப்பத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் படிப்பாள்.

படிப்பு வந்தது ஒல்லாந்தரின் துணிக்கிடங்கில். சிறு வயதில், கப்பலுக்குப் போகும் சாயத்துணிகளை மடித்து அடுக்கும் வேலைக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். மூட்டைகளின் மேல் நெசவாளிகளின் பெயர் எழுதியிருக்கும். கணக்கப்பிள்ளை ஒரு பெயரைக் கூவுவார். அந்த மூட்டையை இழுத்துத் தரவேண்டும். காதில் விழுந்த பெயரையும் கண்ணில் பட்ட எழுத்தையும் பொருத்திப் பொருத்தி, கல்யாணப் பேச்சு வருவதற்குள் எல்லா எழுத்துகளும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. யாரும் சொல்லித் தரவில்லை. அவள் படிக்கிறாள் என்றே தெரியாததால் யாரும் தடுக்கவுமில்லை.

புருஷன் பொன்னுரங்கம் ஏரியில் படகு வலிப்பவன். பொன்னேரித் திருவிழாவுக்கு அவனோடு போன ஒரு வருஷம், பாட்டுக்காரர் ஒருவரிடம் ராஜா கதை ஏடு ஒன்றைப் பார்த்தாள் அம்மணி. ஒரு கூடை கருவாட்டைக் கொடுத்து அதை இரவல் வாங்கிவந்து, எழுத்தாணி பிடித்துத் தானே ஒரு பிரதி எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாடைக்காற்று வீசி, கடலுக்குப் போக முடியாத நாட்களில், கரையேற்றிய படகுகளின் மறைவில் சாயங்காலம் பெண்கள் கூடினார்கள். அம்மணி ராகம் போட்டுப் படித்தாள். கடலோரக் கோட்டை ஒன்றை எதிரிகள் வளைத்துக்கொள்ள, உள்ளே ஒரு ராஜா சிக்கிக்கொண்ட கதை அது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்களும் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் நண்டு வாங்க வந்த எலிசபெத் என்ற பெண்ணும் நின்று கேட்டாள். அவள் அப்பா கோட்டையில் பீரங்கி சுடும் ஒல்லாந்தர், அம்மா பழவேற்காட்டுக்காரி. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைய பகுதி முடிந்ததும் அம்மணியிடம் கேட்டாள்:

“அக்கா, ராஜா வெளிய வருவானா மாட்டானா?”

“நாளைக்கி வந்து கேளு. நீ இன்னா படிக்கிற?”

“எங்க அப்பா பொஸ்தகம் ஒண்ணு கீது. ஒலாந்தா எழுத்து. அதுலயும் இப்டித்தான், ஊரச் சுத்தி எதிராளிங்க.”

“அப்ப அத நீ சொல்லு. நான் இத படிக்கிறேன்.”

மறுநாள் எலிசபெத் தடித்த காகிதப் புத்தகத்தோடு வந்தாள். வரியைப் பார்ப்பதும் தமிழில் சொல்வதுமாகக் கதை நகர்ந்தது. ஊருக்குள் சோறு தீர்ந்து போகிறது. எதிரியை விரட்ட வேறு வழியில்லாமல் ஊர்க்காரர்களே கடலைத் தடுத்திருந்த கரையை வெட்டிவிடுகிறார்கள்.

“சொந்த நெலத்துலயா கடல உட்டாங்க?” என்று கேட்டாள் அம்மணியின் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள்.

“ஆமா. வயலெல்லாம் உப்புத்தண்ணி. அது மேலயே சாப்பாடு ஏத்திக்கினு படகு வந்துச்சி.”

“படகு தரை தட்டாதா?”

எலிசபெத் புத்தகத்தைப் புரட்டி, “அடி தட்டையான படகாம்” என்றாள்.

“நம்மளுது மாதிரி” என்றாள் பவுனம்மாள். எங்கோ குளிர் நாட்டில் நடந்த அந்தக் கதை அந்த ஒரு வார்த்தையில் குப்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது. அன்று முதல் ஒருநாள் ஏடு, ஒருநாள் புத்தகம் என்று மாறி மாறி நடந்தது.

வம்பு ஏட்டில்தான் வந்தது. கோட்டையைப் பிடிக்க முடியாமல் தவிக்கும் எதிரிகளுக்கு, மீனவன் ஒருவன் முகத்துவாரம் வழியாக உள்ளே போக வழிகாட்டுகிறான். அம்மணி அதை அப்படியே படித்தாள். சேதி குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் வீரராகவன் காதுக்குப் போயிற்று. மறுநாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

“நம்ம ஜனத்த துரோகின்னு நம்ம கரையிலயே படிக்கிறியா? அந்த ஓலைய எடுத்து ஏரில போடு.”

அம்மணி எழுந்து நின்றாள்.

“போட மாட்டேன் மாமா.”

“அப்ப அந்த எடத்துல வேற யாரையாச்சும் வெச்சிப் படி. செட்டின்னு படி, வண்டிக்காரன்னு படி.”

“வண்டிக்காரனுக்கு முகத்துவாரம் எப்டி மாமா தெரியும்? எழுதினவன் எழுதினத நான் மாத்த மாட்டேன். நீங்க முழுசா கேக்கவே இல்ல. ஒக்காந்து கேளுங்க. முடிச்சப்புறம் தப்புன்னு சொன்னீங்கன்னா, இங்க இத நான் படிக்கல.”

வீரராகவன் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் கலைந்து போகவில்லை. கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்தார்.

அந்த மீனவன் ஏன் போனான் என்பதை ஏடு முன்பே சொல்லியிருந்தது. அம்மணி அந்தப் பகுதியிலிருந்து தொடங்கினாள். ராஜாவின் ஆட்கள் அவன் படகைப் பிடுங்கிக் கோட்டை வாசலுக்கு விறகாக வெட்டினார்கள். தம்பியை மதிலில் கல் சுமக்க இழுத்துப் போனார்கள், அவன் திரும்பவில்லை. எதிரிகளைக் கொண்டுவிட்டு வீடு திரும்பிய மீனவனுக்கு அவன் மனைவி கதவைத் திறக்கவில்லை. கரையில் உட்கார்ந்தபடியே கோட்டை எரிவதைப் பார்த்தான். அங்கே நிறுத்தினாள் அம்மணி.

“தம்பி போனா போனான், ஊரக் காட்டிக் குடுக்கலாமா? அவ கதவத் தெறக்காதது நாயந்தான்” என்றாள் பவுனம்மாள்.

“இன்னா நாயம்?” வீரராகவன் சட்டென்று திரும்பினார். “படக ஒடச்சி விறகாக்கினா அவன் இன்னா பண்ணுவான்? ராஜா சோறு போட்டானா? நம்ம படக எவனாச்சும் தொட்டா நான் சும்மா இருப்பேனா?”

“நீங்க காட்டிக் குடுப்பீங்களா மாமா?” என்று கேட்டாள் எலிசபெத்.

“மாட்டேன்” என்றார் வீரராகவன். “ஆனா அவன் பக்கம் நாயம் இல்லன்னு சொல்ல உட மாட்டேன்.”

இருட்டும்வரை வாக்குவாதம் ஓயவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பொன்னுரங்கம் இரண்டு பக்கமும் பேசித் திட்டு வாங்கினான். கடைசியில், ஓலையை ஏரியில் போடச் சொன்னவரே அம்மணியைப் பார்த்து, “கதவு தெறந்தாளா இல்லியான்னு மட்டும் சொல்லிட்டுப் போ” என்றார்.

“நாளைக்கி மாமா” என்று சொல்லி ஏட்டைக் கட்டினாள் அம்மணி. வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சில வருஷங்களில் எலிசபெத் கல்யாணமாகி, புருஷனோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினாள். புத்தகமும் அவளோடு போயிற்று. அதற்கு முன்பே கடலை நிலத்தில் விட்ட ஊரின் கதையை அம்மணி தமிழ்ப் பாட்டாகக் கட்டி, ஓலையில் எழுதி, எலிசபெத்துக்குப் படித்துக் காட்டியிருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் எலிசபெத் திருத்தம் சொன்னாள்: அந்த ஊரில் பனைமரம் கிடையாது என்று. “எங்க ஊர்ல கீதே” என்று அம்மணி அதை விட்டுவைத்தாள்.

அந்தப் பாட்டைக் கேட்கச் சுண்ணாம்புக்குளத்திலிருந்துகூடப் படகில் ஆட்கள் வந்தார்கள். கண் மங்கிய பிறகும் அம்மணி நிறுத்தவில்லை. ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகவே பாடினாள். பாடி முடித்ததும் வந்தவர்களிடம், அவர்கள் ஊரில் யாரிடம் என்ன கதை இருக்கிறது என்று விசாரிப்பாள். இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், அதைக் கேட்காமல் அவர்களைப் படகேற விடமாட்டாள்.