செவ்வாய்க்கிழமைக் கிளினிக்

என் தங்கை நிலூஷாவின் பிள்ளைக்குத் தலை பெரிது. பிரசவத்தில் ஆயுதம் போட்டுத் தலையைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இருமினால் சிறுநீர் போய்விடும், காற்றையும் அடக்க முடியாது. கொட்டாஞ்சேனையில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வாயடித்து விற்றவள், வேலையை விட்டுவிட்டு அறைக்குள் முடங்கினாள்.

நான்தான் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். டொக்டர் பஹ்மிதா ஒளிக்காமல் சொன்னார்.

"சிறுநீர், மல வாசலை இறுக்கிற தசைக்குப் போற நரம்பு இழுபட்டுச் சேதமாயிருக்கு. கரன்ட் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலயிருந்து லைன் இழுக்கிற மாதிரி, மிச்ச நரம்பிலயிருந்து கிளை வரும். ஆனா மெதுவாத்தான் வரும். அதுவரைக்கும் பயிற்சி செய்யாம விட்டா தசை மெலிஞ்சிடும். பிறகு லைன் வந்தும் பிரயோசனமில்ல. தவறாம வாங்க."

கிளினிக் செவ்வாய்க்கிழமை. வினையே அங்கேதான். நிலூஷாவின் மாமியார் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"அந்தோனியார்ட நாள்ல கோயிலுக்குப் போகாம ஆஸ்பத்திரிக்கா? பிள்ளை பெத்த எல்லாருக்கும் இப்பிடித்தான். வெளியில சொல்லிக்கொண்டு திரியாத."

புருஷன் டிலானும் தாய் சொன்னதற்கே தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே தசை மெலிந்துகொண்டிருக்க, ஒவ்வொரு செவ்வாயும் இவளைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

போன செவ்வாய் நானும் கூடப் போனேன். அந்தோனியாரின் சுரூபத்தைத் தொடுகிற வரிசை அசையவேயில்லை. மெழுகுதிரிப் புகைக்கு நிலூஷா இருமினாள். சட்டையின் பின்பக்கம் நனைந்துவிட்டது. பின்னால் நின்றவள் மூக்கைப் பொத்தினாள். என் தங்கை தலையை நிமிர்த்தவேயில்லை.

அன்ரியை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாமென்று திரும்பினேன். அதற்குள் அன்ரி தன் ஹேன்ட்பேக்கைத் திறந்து, மடித்த பழந்துணியொன்றை எடுத்து நிலூஷாவின் கையில் திணித்தார். தேடவேயில்லை. உள்ளே இன்னும் இரண்டு மடிப்புகள் இருந்தன.

"இது ஏன் அன்ரி உங்கட பேக்ல?"

அன்ரி பேக்கை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "டிலான் பிறந்ததிலயிருந்து."

பாவமென்று நினைக்க எனக்கு வரவில்லை. ஆத்திரம் கூடித்தான் போயிற்று. தன் உடம்பு பட்ட பாடு தெரிந்தும் இவளையும் வாய்மூட வைத்தாரே! இரண்டு பேரின் கையையும் பிடித்து வெளியே கொண்டுவந்து, திரீவீல் ஒன்றை மறித்தேன்.

"எங்க கூட்டிக்கொண்டு போறாய், பிள்ளை?"

"கிளினிக்குக்கு. ரெண்டு பேருக்கும் நம்பர் எடுக்கப்போறன்."

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை…"

"ஓம் அன்ரி. செவ்வாய்க்கிழமைதான் கிளினிக். ஏறுங்க."

ஹேன்ட்பேக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அன்ரி ஏறினார்.